இழுக்க வருவது யார் வண்டி?

(கோடை விடுமுறைக்கு முன்பு கலிபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஆர்.வி. என்ற வீட்டு வண்டியை வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் என்று மூன்று வகையினரும் இங்கே இருக்கிறீர்கள். கை தூக்கச் சொன்னபோது பார்த்தேன், மூன்றாவது வகையினர்தான் அதிகம். உங்களுக்கான சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் ஒரு பெல்ட் அறுந்த கதை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாதம். எங்களுடையது கிளாஸ் சி ரகம். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் மேல் கட்டிய முப்பதடி நீள வீடு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நாமக்கல்லில் இருந்து வந்திருந்த என் மாமனார், ஆக ஐந்து பேர். லாஸ் வேகஸுக்குப் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில் பேக்கர் என்று ஒரு சிற்றூர் வரும். 134 அடி உயரத் தெர்மாமீட்டர் ஒன்று அங்கே நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் உள்ள டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்தின் நினைவாக நட்டது. வெயிலுக்குக் கோயில் கட்டிய ஊர் என்றார் மாமனார்.

அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் அடிகூட இல்லை. அங்கிருந்து முப்பத்தைந்து மைலுக்குள் மவுண்டன் பாஸ் வந்துவிடும், அது 4,700 அடி. இந்த ஏற்றத்தில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று சாலையோரப் பலகையே சொல்கிறது. நாங்களும் பேச்சைக் கேட்டு அணைத்தோம். பேக்கர் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மைலில் ஒரு சத்தம், ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, பேட்டரி விளக்கு எரிந்தது, வெப்பமானி முள் மேலே ஓடியது. ஓரம் கட்டினேன். எஞ்சினின் பெல்ட் அறுந்திருந்தது. அந்த ஒரே பெல்ட்தான் தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் எல்லாவற்றையும் சுற்றுவது.

எனக்குக் கவலையே இல்லை. சாலை உதவி பிளான் கையில் இருந்தது. விலையைப் பார்த்து, 'மைல் கணக்கு இல்லாமல் இழுத்துக்கொண்டு போவோம்' என்ற வாசகத்தையும் பார்த்து, மகிழ்ச்சியாக வாங்கிய பிளான். போன் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் வண்டி வரும் என்றார்கள். வந்து மாமனாரிடம் சொன்னேன்.

அவர் நாற்பது வருடம் லாரி வைத்து ஓட்டியவர். நாமக்கல்லில் லாரியைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"மாப்பிள்ளை, இழுக்க வர்ற வண்டி யாரோடதுங்க? எந்தூர்ல இருந்து வருது? கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கம்பெனி அனுப்பும், கம்பெனி வண்டி என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தது ஒரு ஃபிளாட்பெட். கார்களைத் தட்டில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. டிரைவர் இறங்கி எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார். எங்கள் வண்டியின் அதிகபட்ச எடை 14,500 பவுண்டு, அதாவது ஆறரை டன். அவருடைய தட்டு அதைத் தாங்காது. தாங்கினாலும் பதினோரு அடிக்கு மேல் உயரமுள்ள வண்டியை மூன்றரை அடி உயரத் தட்டில் ஏற்றினால் பதினான்கு அடியைத் தாண்டிவிடும். கலிபோர்னியாவில் சாலையில் போகும் எதற்கும் பதினான்கு அடிதான் சட்ட உயரம். போன் எடுத்த பெண், கணினியில் 'ஃபோர்டு' என்று மட்டும் பதிந்திருக்கிறார். வந்தவர் ஒரு ஃபோர்டு காரைத் தேடி வந்திருக்கிறார், பாவம்.

அடுத்த வண்டி வர இன்னும் ஐந்து மணி நேரம். அது சரியான வண்டி. முன்பக்கத்தை அடியில் இருந்து தூக்கி, பின்சக்கரங்களை உருட்டிக்கொண்டு போகும் கனரக வகை. அது லாஸ் வேகஸில் இருந்து வந்திருந்தது, எண்பது மைல். எங்களை எங்கே கொண்டு போகச் சொல்லி உத்தரவு தெரியுமா? எதிர்த் திசையில், பார்ஸ்டோவுக்கு! பிளானில் எழுதியிருந்தது 'அருகிலுள்ள தகுதியான பழுதுபார்க்கும் இடம்'. கணினிக் கணக்கில் பார்ஸ்டோ நாலைந்து மைல் அருகில். வேகஸில் எனக்கு நண்பர் இருக்கிறார், அங்கே பட்டறைகள் அதிகம், இழுக்கும் வண்டியே வேகஸ் வண்டி, திரும்பி அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். டிரைவரே போனில் வாதாடிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லை யாராலும் அசைக்க முடியவில்லை.

பார்ஸ்டோ பட்டறையில் மூன்று வாரம் ஆகும், வரிசை இருக்கிறது என்றார்கள். வேறு பட்டறைக்கு இழுத்துப் போகச் சொன்னேன். ஒரு பழுதுக்கு ஒரு தடவைதான் இழுப்போம் என்றது பிளான். மறுநாள் காலை மாமனார் நச்சரித்ததன் பேரில் ஒரு நடமாடும் மெக்கானிக்கைப் பிடித்தோம். அவர் அந்தப் பட்டறை வாசலிலேயே புது பெல்ட் மாட்டிவிட்டார். ஒன்றரை மணி நேர வேலை. முதல் நாள் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே நின்று அவரையே வரவழைத்திருந்தால் இரவுச் சாப்பாடு வேகஸில் ஆகியிருக்கும். ஆனால் எங்கள் பிளானில் இழுப்பதற்குக் காசு உண்டு. மெக்கானிக் வந்து சரிசெய்தால் அவர் கூலி நம் தலையில். இழுப்பது இலவசம், சரிசெய்வது செலவு என்றால் மனுஷன் எதைக் கேட்பான்?

"ஒரு பெல்ட்டுக்காக வீட்டையே தூக்கிட்டுப் போறாங்களே" என்றார் மாமனார்.

அவர் கேட்ட அந்த முதல் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன். இழுக்க வருவது யார் வண்டி?

நீங்கள் சந்தா கட்டும் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக இழுவை வண்டிகள் கிடையாது. சில ஊர்களில் சில சங்கங்கள் சொந்த வண்டி வைத்திருக்கின்றன, அதுவும் கார்களுக்கானவை. மற்றபடி அவர்களிடம் இருப்பது ஒரு தொலைபேசிக் கூடமும் ஒரு பட்டியலும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் ஊர் ஊராக இரண்டு வண்டி, பத்து வண்டி வைத்துத் தொழில் செய்யும் தனி முதலாளிகள். கம்பெனி அவர்களைக் கூப்பிட்டு, ஏற்கெனவே பேசிய விலையில் போகச் சொல்கிறது. கார் என்றால் பத்துப் பேர் போட்டி போடுவார்கள். கனரக வண்டி ஒரு மாவட்டத்துக்கே இரண்டு மூன்றுதான் இருக்கும். அதே நேரத்தில் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி கவிழ்ந்தால் அங்கே அவருக்குப் பல மடங்கு வருமானம். நம் வேலையை அவர் ஏன் எடுக்க வேண்டும்? நாங்கள் ஐந்து மணி நேரம் காத்திருந்ததற்குக் காரணம் பாலைவனம் மட்டும் இல்லை.

ஆகவே பிளான் வாங்கும்போது நீங்கள் வாங்குவது லாரியை அல்ல, அந்தப் பட்டியலையும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளையும்தான். அந்த ஆள் ஆர்.வி. என்றால் என்ன என்று தெரிந்தவரா? சந்தா கட்டும் முன் ஒரு தடவை அந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 'என் வண்டி முப்பதடி, ஆறரை டன், பார்ஸ்டோவுக்கும் வேகஸுக்கும் நடுவில் நின்றுவிட்டது, யாரை அனுப்புவீர்கள்?' என்று கேளுங்கள். விற்பனை எண்ணில் இருப்பவர் தேன் தடவித்தான் பேசுவார். உதவி எண்ணில் இருப்பவர் என்ன கேள்வி திருப்பிக் கேட்கிறார் என்று பாருங்கள். நீளம், உயரம், எடை, பின்சக்கர ஓட்டமா, பின்னால் கார் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டால் அவருக்குத் தொழில் தெரியும். 'என்ன மாடல், என்ன கலர்' என்று கேட்டால் போனை வைத்துவிடலாம்.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன். இந்த இழுவைத் தொழிலே ஒரு சிரமத்தில் பிறந்தது. 1916இல் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக், ஓடைக்குள் விழுந்த நண்பரின் காரை எடுக்க ஆட்களையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு பாடாய்ப் பட்டார். பிறகு தன் 1913 காடிலாக் கார் மீது மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, ஒரு சங்கிலி பொருத்தி முதல் இழுவை வண்டியைச் செய்தார். அந்த ஊரில் இன்றும் இழுவை வண்டிகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ட்ரிபிள் ஏ என்று நாம் சொல்லும் மோட்டார் சங்கம் அதற்கும் மூத்தது, 1902இல் சிகாகோவில் தொடங்கியது. அது ஒரே கம்பெனி என்று நினைக்காதீர்கள். பல வட்டாரச் சங்கங்களின் கூட்டமைப்பு அது. உங்கள் மச்சான் டெக்சஸில் வாங்கிய அட்டையின் சலுகையும் நீங்கள் இங்கே வாங்கிய அட்டையின் சலுகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

எனக்குப் பிடித்த கதை 1963 கதை. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று சூரிய கிரகணம் பார்க்க, மெயின் மாநிலத்தில் ஹிங்க்ளி என்ற ஊரில் மோட்டார்ஹோம் வைத்திருந்த சில குடும்பங்கள் கூடின. கிரகணம் முடிந்தும் பேச்சு முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்துதான் எஃப்.எம்.சி.ஏ. என்ற மோட்டார்ஹோம் குடும்பங்களின் சங்கம் பிறந்தது. மூன்று வருடம் கழித்து 1966இல் குட் சாம் சங்கம். ஒரு பத்திரிகைக்கு ஒரு டிரெய்லர்காரர் கடிதம் எழுதினார்: வழியில் நின்றவர்களுக்கு உதவத் தயாராக இருப்பவர்கள் வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமே என்று. அந்த ஸ்டிக்கரே சங்கமாகி, சங்கம் வியாபாரமாகி, இன்று அது ஆண்டுச் சந்தா வாங்கும் ஒரு பெரிய பெயர். குறை சொல்லவில்லை. அந்த ஜூலையில் எங்களுக்காக முதலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தவர் சந்தா ஏதும் வாங்காத ஒரு டிரெய்லர்காரத் தாத்தா என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சரி, பிளானைப் பிரித்துப் பார்க்கலாம். சிறிய எழுத்தில் இருக்கும் நாலைந்து சொற்கள்தான் எல்லாமே.

'அருகிலுள்ள' என்ற சொல்லின் கதையைக் கேட்டுவிட்டீர்கள். இதற்கு எதிர்முனையில் மைல் கணக்குப் பிளான்கள் இருக்கின்றன. ட்ரிபிள் ஏவில் பிளஸ் என்ற அடுக்கு நூறு மைல் வரை, பிரீமியர் அடுக்கில் ஆண்டுக்கு ஒரு தடவை இருநூறு மைல் வரை இழுப்பார்கள். பெரும்பாலான வட்டாரச் சங்கங்களில் ஆர்.வி.க்கென்று கூடுதல் பணம் கட்டிச் சேர்த்தால்தான் அது மோட்டார்ஹோமுக்கும் டிரெய்லருக்கும் பொருந்தும். கார் அட்டை இருக்கிறது, அதுவே போதும் என்று கிளம்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்? மைல் கணக்கு உள்ள பிளானில் இடத்தை நீங்கள் சொல்லலாம், தூரத்துக்கு வரம்பு. கணக்கில்லாத பிளானில் தூரத்துக்கு வரம்பில்லை, இடத்தை அவர்கள் சொல்வார்கள். எது நல்லது? நகரங்களுக்கு நடுவில் ஓட்டுபவருக்கு மைல் கணக்கு நல்லது. நெவாடாவின் யு.எஸ். 50இல், அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று லைஃப் பத்திரிகை 1986இல் பெயர் வைத்த சாலையில், நூறு மைல் என்பது பெரிய தூரமே இல்லை. அங்கே போகிறவர் கணக்கில்லாததை வாங்கட்டும். ஆனால் 'தகுதியான' இடம் எது என்று யார் முடிவு செய்வார்கள், அந்தப் பட்டறை வண்டியை எடுக்க மறுத்தால் இரண்டாவது இழுப்புக்கு யார் பணம் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வாங்கட்டும்.

அடுத்தது, இரண்டு வண்டிச் சிக்கல். இதில் நம் குடும்பங்கள் நிறைய மாட்டுகின்றன என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். பிக்கப் டிரக் வாங்கி, பின்னால் இருபத்தெட்டடி டிரெய்லர் கட்டிக்கொண்டு போகிறீர்கள். சாலையில் நின்றது டிரக். டிரெய்லருக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கார் இன்சூரன்ஸோடு வந்த உதவி, டிரக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். டிரெய்லர்? பழுதாகவில்லையே, அதை ஏன் இழுக்க வேண்டும் என்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கழற்றி விட்ட டிரெய்லரை ராத்திரி யார் காவல் காப்பது? 'இணைந்த வண்டிகள் இரண்டையும், எது பழுதானாலும்' இழுப்போம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இழுப்பவரிடம் சரியான உருண்டை இருக்குமா என்பதும் கேள்வி. டிரெய்லர் கொக்கிக்கு இரண்டு அங்குல உருண்டையும் உண்டு, இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேலான உருண்டையும் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. ஃபிஃப்த் வீல் என்றால் கொக்கியே டிரக்கின் தொட்டிக்குள் இருக்கும், அந்த ஏற்பாடு உள்ள வண்டிதான் வர வேண்டும். மோட்டார்ஹோமுக்குப் பின்னால் சின்னக் காரைக் கட்டி இழுப்பவர்களுக்குப் பரவாயில்லை, மோட்டார்ஹோம் நின்றால் அந்தக் காரில் ஏறிப் போகலாம்.

ஏறிப் போவது என்றதும் நினைவு வருகிறது. இழுவை வண்டியின் முன்னறையில் இரண்டு பேர் உட்காரலாம், நெருக்கினால் மூன்று. இழுக்கப்படும் வண்டிக்குள் உட்கார்ந்து வர விடமாட்டார்கள். எங்கள் ஐந்து பேரில் நானும் மாமனாரும் டிரைவரோடு ஏறினோம். மற்ற மூவரையும் வேகஸில் இருந்து நண்பர் வந்துதான் அழைத்துப் போனார். குடும்பத்தை யார் கொண்டு போய்ச் சேர்ப்பது என்று எத்தனை பிளான்களில் எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு, வாடகைக் கார் என்று 'பயணத் தடைச் செலவு' தரும் பிளான்கள் உண்டு. அதிலும் ஒரு கண்ணி: சிலவற்றில் விபத்து நடந்தால்தான் கிடைக்கும், சும்மா பழுதாகி நின்றால் கிடையாது. வீட்டில் இருந்து இத்தனை மைல் தள்ளி நின்றால்தான் என்றும் இருக்கும்.

டயர். மோட்டார்ஹோம்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. கம்பெனிக்காரர் எடையைக் குறைத்தார், இடத்தையும் மிச்சம் பிடித்தார். பெரிய கிளாஸ் ஏ வண்டியின் டயர் ஒன்று நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும், இருந்தாலும் நீங்கள் மாற்றப் போவதில்லை. பிளானில் 'டயர் உதவி' என்றால் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் ஸ்டெப்னியை மாட்டித் தருவது. இல்லாவிட்டால் டயரைக் கொண்டு வருவார்கள், டயர் விலை உங்களுடையது. சனிக்கிழமை இரவு பத்தொன்பதரை அங்குல டயர் எங்கே கிடைக்கும் என்பது அவர்கள் பட்டியலின் பலத்தைப் பொறுத்தது. டயர் ஓரத்தில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. ஆர்.வி. டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதுதான் அதிகம். பள்ளம் புதிதுபோல ஆழமாக இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும்.

'பராமரிக்கப்படும் சாலை' என்று இன்னொரு சொல். விட்னி மலை அடிவாரத்தில் அலபாமா ஹில்ஸ், அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று அரசு நிலத்தில் இலவசமாக வண்டியைப் போட்டுத் தங்குவது இப்போது நம்மவர்களிடமும் பரவியிருக்கிறது. மணலில் சக்கரம் புதைந்தால் பல பிளான்கள் வராது. சாலையில் இருந்து சில அடிக்குள் இருந்தால்தான் கம்பி கட்டி இழுப்போம் என்று எழுதியிருக்கும். நட்சத்திரம் பார்க்க அரை மைல் உள்ளே போனவருக்குப் பிளான் கிடையாது.

வீட்டுப் பகுதிப் பழுது தனிக் கதை. பக்கவாட்டில் நீளும் அறை உள்ளே போக மறுக்கிறது, அல்லது வண்டியைச் சமநிலையில் நிறுத்தும் ஜாக்கி மேலே ஏற மறுக்கிறது. எஞ்சின் ஜம்மென்று ஓடும், ஆனால் வண்டியை நகர்த்த முடியாது. கார்களுக்கென்று எழுதிய பிளானில் இதற்குப் பெயரே இருக்காது. ஆர்.வி.க்கென்றே நடத்தும் பிளான்களில் இதற்குத் தொலைபேசியில் வழி சொல்லும் தொழில்நுட்ப ஆள் இருப்பார். 'கையால் சுற்றி உள்ளே இழுக்கும் கைப்பிடி எங்கே ஒளிந்திருக்கிறது' என்று சொல்லித் தருவார். அந்த ஒரு ஆளுக்காகவே நான் இப்போது கூடுதலாகக் கட்டுகிறேன்.

எங்கே வாங்குவது? கார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஆர்.வி. பாலிசியோடு சேர்த்து வாங்கலாம். மலிவு. ஆனால் உதவி கேட்டது உங்கள் கணக்கில் ஒரு கிளெய்மாகப் பதியுமா என்று கேளுங்கள். பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு ரசீது அனுப்பும் முறையா, அதற்கு உச்சவரம்பு உண்டா என்றும் கேளுங்கள். காருக்கென்று வைத்த நூறு டாலர் வரம்பு, ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும் கனரக இழுப்புக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. புது வண்டி என்றால் சேஸிஸ் கம்பெனியே சில ஆண்டுகளுக்கு உதவி தரும். ஆனால் அது எஞ்சின் பக்கத்துக்குத்தான். கிரெடிட் கார்டோடு வரும் உதவியை இந்த விஷயத்தில் மறந்துவிடுங்கள். மீதி இருப்பது ஆர்.வி.க்கென்றே உள்ள சங்கங்களும் கம்பெனிகளும். ஆண்டுக்கு ஏறக்குறைய நூறில் இருந்து முந்நூறு டாலர் வரை. முப்பதடிக்கு மேல் உள்ள எந்த வண்டிக்கும் நான் இவற்றைத்தான் சொல்வேன். சின்ன கேம்பர் வேன் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். வேன், வேன்தான். நல்ல கார் பிளானில் நீளமும் எடையும் அடங்குமா என்று பார்த்தால் போதும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாலை உதவி வேறு, நீட்டித்த வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. விற்பனையாளர் மூன்றையும் ஒரே தாளில் அடுக்கி மாதத் தவணையில் கலந்துவிடுவார். முதலாவது பட்டறை வாசல் வரை கொண்டு விடும். பட்டறைக்கு உள்ளே ஆகும் செலவு இரண்டாவதன் பாடு. மோதினால் மூன்றாவது.

இப்போது வாடகைக்கு எடுப்பவர்களுக்கு. பெரிய வாடகை நிறுவனமோ, தனியார் வண்டியை இணையம் வழியாக எடுத்துத் தரும் நிறுவனமோ, ஏதோ ஒரு உதவி எண் அவர்களே தருவார்கள். நீங்கள் தனியாக வாங்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது: அந்த எண் இரவிலும் எடுப்பார்களா? டயர் வெடித்தால் டயர் விலை யாருடையது? நாள் கணக்கில் நின்றால் வாடகையைத் திருப்பித் தருவார்களா? அவர்களைக் கேட்காமல் நான் மெக்கானிக்கை அழைத்தால் பணம் கிடைக்குமா? கோடையில் டெத் வேலிக்குள் ஓட்டக் கூடாது என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். படிக்காமல் உள்ளே போய் நின்றால் எல்லாச் செலவும் உங்கள் தலையில்தான். கனடா பெரும்பாலும் சேர்ந்திருக்கும். மெக்சிகோ பக்கம் போகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நின்றபிறகு என்ன செய்வது என்பது வேறு பேச்சு, ஆனால் இரண்டு வார்த்தை. நம்மூரில் லாரி நின்றால் பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைப்பார்கள். மாமனார் அன்றைக்கும் இறங்கிக் கிளை தேடினார், மொஹாவி பாலைவனத்தில். ஒளிரும் முக்கோணங்கள் மூன்று வாங்கி வையுங்கள். இன்னொன்று, ஏ.சி.யை ஓட்டும் ஜெனரேட்டர் அதே பெட்ரோல் டாங்கில் இருந்துதான் குடிக்கும். டாங்க் கால்வாசிக்கு வந்தால் அது தானாக நின்றுவிடும், எஞ்சினுக்கு மிச்சம் வைப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நாங்கள் பேக்கரில் டாங்கை நிரப்பியிருந்ததால்தான் அந்த ஏழு மணி நேரத்தையும் தாங்கினோம். நிரப்பச் சொன்னவரும் மாமனார்தான்.

சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் நாங்கள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். படம் எடுத்து வந்திருக்கிறேன், பின்னால் உள்ளவர்களுக்கும் தெரிகிறதா? வண்டியின் நீளம், உயரம், ஓட்டுநர் கதவோரத் தகட்டில் உள்ள அதிகபட்ச எடை, எத்தனை அச்சு, பின்சக்கர ஓட்டம், டயர் அளவு, பிளானின் எண், உதவி எண். இழுக்கும்முன் டிரைவ் ஷாஃப்ட் கழற்ற வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. கழற்றாமல் பின்சக்கரங்களை உருட்டினால், எஞ்சின் ஓடாத நேரத்தில் கியர்பெட்டிக்கு எண்ணெய் போகாது, உள்ளே பொசுங்கிவிடும். வேகஸ் டிரைவர் சொல்லாமலே கழற்றினார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். அதற்குக் கீழே, எந்த நெடுஞ்சாலை, எந்தத் திசை, கடைசியாகத் தாண்டிய வெளியேறும் எண் என்ன என்று நிரப்ப மூன்று கோடுகள். போனில் சிக்னல் இருக்கும்போதே இதைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டால், ஃபோர்டு காரைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே நீல மையில் தமிழில் ஒரு வரி இருக்கிறது பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் மாமனார் எழுதியது. 'பெல்ட் புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கு. கட்டிலுக்கு அடியில, இடது பக்கம்.'